குரும்பட்டிக்குள் ஒரு போர்க்களம்

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே, கடனீரேரியின் கரையை அணைந்து கிடக்கிறது கொழும்புத்துறை. ஒருபுறம் பாசையூர், மறுபுறம் அரியாலை. யோகர் சுவாமிகள் 1964 ஆம் ஆண்டில் சமாதியடையும்வரை வாழ்ந்த ஊர் என்பதனால், கடல்கடந்த தமிழரும் இதன் பெயரை அறிவர். ஆனால் இன்று நான் எழுத எடுத்துக்கொண்டது ஞானியரைப் பற்றியன்று. அவ்வூர் வளவொன்றில் விழுந்து கிடந்த ஒரு தேங்காயைப் பற்றி.

வேலியோரம் பனை, கிணற்றடியில் வாழை, முற்றத்தின் ஓரத்தில் ஒரு பப்பாசி, பின்புறம் பத்துப் பன்னிரண்டு தென்னைகள்: யாழ்ப்பாணத்து வளவுக்கு உரிய இலக்கணம் அத்தனையும் அமைந்த வளவு அது. வளவுக்குரிய பெரியவர் எழுபதைக் கடந்தவர். கீழே கிடந்த தேங்காயொன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"தம்பி, இதைப் பாரும். தேங்காய்க்குச் சொறி பிடிச்சிருக்கு. முந்தி இரண்டு கையாலும் தூக்கின காய், இப்ப ஒரு கைக்குள்ள அடங்குது. உரிக்கப் போனால் பொச்சு மட்டை விட்டுக்குடுக்குதுமில்லை."

காயின் காம்படியிலிருந்து கீழ்நோக்கி மண்ணிறமான வடு ஒன்று இறங்கியிருந்தது. காய்ந்த குளத்தின் தரைபோல அவ்வடு வெடித்திருந்தது. சில இடங்களில் பிசின் கசிந்து உறைந்திருந்தது. காயும் ஒருபுறம் சூம்பி உருவம் கெட்டிருந்தது.

திண்ணையின் மூலையில் புதிய மருந்துப் போத்தல் ஒன்று நின்றது. கடைக்காரர் கொடுத்தாராம். "எல்லாப் பூச்சியும் சாகும் எண்டு சொன்னவர்" என்றார் பெரியவர். அந்த "எல்லாப் பூச்சியும்" என்ற சொல்லே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. எல்லாப் பூச்சியும் செத்தால் யாருக்கு நன்மை? கொழும்புத்துறைத் தென்னையிலிருந்து பசிபிக் தீவுகளின் தென்னைவரை இக்கேள்வியைக் கேட்டுப் பார்த்தவர்கள் பலர். அவர்கள் கண்ட விடைகள் வியப்பானவை.

பகைவன் யார்?

தேங்காயில் சொறியை உண்டாக்குவது பூச்சியன்று. பூச்சிக்கு ஆறு கால். இதுவோ சிலந்தியின் சுற்றத்தைச் சேர்ந்த சிற்றுண்ணி. அச்சுற்றத்தார்க்கு எட்டுக் கால் இருப்பதே மரபு. ஆனால் இச்சிற்றுண்ணிக்கு நான்கே கால்கள். புழுப்போல நீண்ட உடல். நான்கைந்தை நிரையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீற்றர் நிரம்பும். வெறுங்கண்ணுக்கு இது புலப்படாது. நூறு நூறாகக் கூடியிருக்கும்போது மாவு தூவியதுபோல ஒரு வெண்மை தோன்றும், அவ்வளவே.

மெக்சிக்கோ நாட்டின் கெரேரோ மாநிலத்திலிருந்து கிடைத்தவற்றைக் கொண்டு, கலிபோர்னியாவைச் சேர்ந்த கைபர் என்னும் அறிஞர் 1965 ஆம் ஆண்டில் இதனை விவரித்து, அம்மாநிலத்தின் பெயரையே இதற்குச் சூட்டினார். தென்னையின் தாயகம் ஆசியாவும் பசிபிக் தீவுகளும். சிற்றுண்ணியின் தாயகமோ அமெரிக்கக் கண்டம் என்று கருதுகின்றனர். அங்கே வேறொரு பனையினத்தில் வாழ்ந்தது, மனிதன் கொண்டுபோய் நட்ட தென்னைக்குத் தாவியிருத்தல் வேண்டும். பின்னர் ஆபிரிக்காவின் மேற்குக் கரையை அடைந்தது. 1997 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டில் தலைகாட்டியது. 1998 இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கண்டறியப்பட்டு, விரைவில் தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகளையும் பற்றிக்கொண்டது. இதற்குச் சிறகில்லை, ஆயினும் காற்றே இதற்கு வாகனம்.

குரும்பட்டியின் தலையில் தொப்பி கவிழ்த்ததுபோல இதழ்கள் அமைந்திருப்பதை நாம் அறிவோம். அத்தொப்பியின் அடியில் இருக்கும் பகுதி வெண்மையாய், மென்மையாய், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இளந்திசு. காய் பெருப்பது அங்கிருந்துதான். சிற்றுண்ணி அந்தத் தொப்பியின் கீழ் நுழைந்து, இளந்திசுவின் சாற்றை உறிஞ்சிப் பெருகுகிறது. ஏறத்தாழப் பத்து நாளில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்த தலைமுறை எழுகிறது. உறிஞ்சப்பட்ட இடம் காய் வளர வளரத் தொப்பிக்கு வெளியே தள்ளப்படுகிறது. முதலில் முக்கோண வடிவில் வெளிறிய மறு. பின்னர் அதுவே மண்ணிற வடு. அதன் பின்னர் வெடிப்பு. ஆகவே நாம் காணும் சொறி, நடந்து முடிந்த போரின் தழும்பு. போர் நடைபெறும் இடம் தொப்பிக்குள்ளே மறைந்திருக்கிறது.

மருந்தடிப்பவரின் துயரம் இங்கேதான் தொடங்குகிறது. நாற்பதடி உயரத்துத் தென்னையின் குலைக்கு மருந்தை எட்டச்செய்வதே அரிது. எட்டினாலும் அது தொப்பியின் மேல் வழிந்தோடுமேயன்றி உள்ளே புகாது. வேர்வழியே ஊட்டும் கடுநஞ்சோ இளநீருக்குள்ளும் வந்து சேரக்கூடும். அன்றியும், யாழ்ப்பாணத்தின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்கு இறங்க நெடுநாள் செல்லாது. ஆறில்லாத நாட்டில் கிணறுதான் ஆறு, கிணறுதான் குளம். தென்னைக்கு அடித்ததை நாமே குடிக்கும் நிலை வந்துவிடலாம்.

காவலன் நுழையும் வாசல்

இலங்கையில் இச்சிற்றுண்ணி பரவத்தொடங்கியதும், லுணுவிலவிலுள்ள தெங்கு ஆராய்ச்சி நிலையத்தார் பாதிக்கப்பட்ட காய்களின் தொப்பிகளை அகற்றி உள்ளே நுணுக்குக்காட்டியால் நோக்கினர். அங்கே பகைவரின் கூட்டத்தினிடையே மற்றொரு சிற்றுண்ணி நடமாடுவதைக் கண்டனர். அதற்கு எட்டுக் கால். தட்டையாய் நீண்ட உடல். இடுக்கில் நுழைவதற்கென்றே வார்த்தெடுத்த அமைப்பு. தென்னையின் சாற்றை அது தீண்டுவதில்லை. சாற்றை உறிஞ்சும் சிற்றுண்ணியைப் பிடித்துத் தின்கிறது. நம் பாடநூல்கள் வழங்கும் சொல்லால் அதனை இரைகௌவி எனலாம்.

முதலில் அதனைப் பஸ்பலிவோரஸ் என்னும் இனத்துக்கு நெருங்கியது என்று எழுதி வைத்தனர். பின்னர் நுணுகி ஆராய்ந்தபோது அது நியோசீயுலஸ் பராக்கி என்னும் வேறினம் எனத் தெளிந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று நினைத்தல் கூடாது. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு இனங்களின் பசியும் குணமும் வேறாக இருக்கலாம். நண்பன் இன்னான் என்று அறியாமல் அவன் துணையை நம்பி இறங்குவது எங்ஙனம்?

பராக்கியைப் பற்றி ஆராய்ந்தவர்கள் ஒரு புதிரைக் கண்டனர். நோயற்ற குரும்பட்டியில் தொப்பியிதழின் விளிம்புக்கும் காயின் மேற்பரப்புக்கும் இடையேயுள்ள வெளி மிக நுண்ணியது. தென்னையைத் தாக்கும் சிற்றுண்ணி அதில் நுழையும். அதனினும் பருத்த பராக்கி நுழையமாட்டாது. அப்படியாயின் காவலன் உள்ளே சென்றது எவ்வாறு? லுணுவில நிலையத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஒருவரும் ஆம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழகத்து அறிஞர்களும் கூடி அளந்து பார்த்தனர். தாக்கப்பட்ட காய்களில் அவ்வெளி அகன்றிருந்தது. பகைவன் உள்ளே பெருகப் பெருகத் தொப்பி சிறிதே நெகிழ்ந்து, பராக்கி நுழையும் அளவுக்கு வாசல் திறந்துகொடுக்கிறது. 2007 ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு ஒரு கேள்வியையும் எழுப்பியது: காயம்பட்டதனால் தானாக நேர்ந்த நெகிழ்வா, அல்லது தென்னை தன் காவலனுக்குத் திறந்துவைத்த கதவா? எதுவாயினும், பகைவன் தான் வென்ற இடத்திலேயே தன் அழிவுக்கு வழிவிட்டுவிடுகிறான் என்பது மட்டும் உண்மை.

இங்கே மறக்கலாகாத ஒன்று உண்டு. கதவு திறப்பது தாக்குதல் தொடங்கிய பின்னரே. அதற்குள் காயில் வடு விழுந்துவிடும். இரைகௌவியின் தொகை, இரையின் தொகை பெருகிய பின்னர்தான் பெருகும். மழை பெய்த பின்னரே குளம் நிரம்புவதுபோல இதுவும் இயல்பு. ஆகவே வடுவே இல்லாத தேங்காயை இக்காவலன் தரமாட்டான். வடுவைச் சிறிதாக்குவான், குலையில் நிற்கும் காய்களின் தொகையைக் கூட்டுவான். லுணுவில நிலையத்தார் வேறொரு தீங்கற்ற சிற்றுண்ணியைத் தட்டுகளில் வளர்த்து, அதனை இரையாக ஊட்டிப் பராக்கியைப் பெருக்கித் தோட்டங்களில் விடும் முறையை வகுத்தது, காலந்தாழ்த்தி வரும் காவலனைச் சற்று முன்னரே கொண்டு சேர்க்கும் முயற்சியே.

ஒரு வீட்டில் இரு காவலர்

இதுவரை கதை எளிது. பகைவன் ஒருவன், காவலன் ஒருவன். ஆனால் இயற்கை இவ்வளவு எளிய நாடகத்தை எழுதுவதில்லை.

ஒரு காவலன் நல்லவன் என்றால் இருவர் இன்னும் நல்லவர். மூவர் அதனினும் நல்லவர் என்று நாம் கணக்கிடுவோம். வீட்டுக் காவலுக்கு இரண்டு நாய்கள் வளர்ப்பவரின் கணக்கு இது. அந்த இரண்டும் இரவு முழுவதும் தம்முள் கடித்துக்கொண்டால் திருடனுக்கு எத்தனை வசதி! சிற்றுண்ணிகளின் உலகில் இது உவமையன்று, நாள்தோறும் நிகழ்வது.

ஆபிரிக்காவில் பெனின், தன்சானியா ஆகிய நாடுகளின் தென்னைகளில், அதே தொப்பிக்குள், இரண்டு இரைகௌவிகள் ஒருங்கே வாழ்கின்றன. ஒன்று நியோபராக்கி, மற்றது முன்னே கண்ட பஸ்பலிவோரஸ். இரண்டும் தென்னைச் சிற்றுண்ணியை உண்பவை. இவற்றை ஆய்வுக்கூடத்தில் ஒருங்கே விட்டுக் கண்ட முடிவுகள் 2012 ஆம் ஆண்டில் வெளியாயின. தென்னைச் சிற்றுண்ணி இல்லாத வேளையில் நியோபராக்கியின் பெண் ஒன்று நாளொன்றுக்குப் பஸ்பலிவோரஸின் குஞ்சுகளில் 19 வரை கொன்றது. பஸ்பலிவோரஸ் பதிலுக்கு மற்றதன் குஞ்சுகளில் 7 அளவே கொன்றது. பொது இரையைக் கொடுத்ததும் பஸ்பலிவோரஸ் அண்டை வீட்டுக் குஞ்சுகளைக் கொல்வதைப் பெரிதும் குறைத்துக்கொண்டது. நியோபராக்கியோ சிறிதளவே குறைத்தது. இரை நிறைந்திருந்தும் அதன் பகைமை ஓயவில்லை.

இரண்டு இனங்கள் ஒரே இரையை நாடுவதோடு நில்லாமல் ஒன்றையொன்று உண்ணவும் செய்வதைச் சூழலியலார் தனித்துறையாகவே ஆராய்கின்றனர். புலியும் சிறுத்தையும் ஒரே மானை நாடும் காட்டில், புலி சிறுத்தையையும் கொல்வது போன்றது அது. மானின் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன நேரும்? சிறுத்தை குறைந்ததனால் மான் பெருகலாம். புலி வலியதாகையால் மான் குறையவும் செய்யலாம். விடை, வலியவன் எது, மெலியவன் எது, இரையை நன்கு வேட்டையாடுபவன் எவன் என்பதில் அடங்கியிருக்கிறது. வலியவனே வேட்டையிலும் சிறந்தவனாயின் கேடில்லை. வேட்டையில் சிறந்தவன் மெலியவனாகிவிட்டால், வலியவன் வந்த நாளே தோட்டக்காரனுக்குக் கேடு தொடங்கிய நாள்.

பப்பாசி மரத்துச் சிலந்தி

இதற்கு ஒரு சான்று ஹவாய்த் தீவுகளின் பப்பாசித் தோட்டங்களில் கிடைத்தது. நம் வளவுகளிலும் பப்பாசி உண்டாகையால் இது நமக்கு எளிதில் விளங்கும்.

பப்பாசி இலையின் அடியில் நூலாம்படை பின்னி வாழும் செஞ்சிற்றுண்ணி இலையை வெளிறச்செய்து உதிர்ப்பது. அதனை உண்பவை பல. அவற்றுள் தலைசிறந்தது ஸ்ரெதோரஸ் என்னும் கரிய சிறு வண்டு. பொட்டுவைத்த பொறிவண்டை அறிவோமல்லவா? அதன் குடும்பத்தைச் சேர்ந்ததே இது, கடுகளவினது. பல பொறிவண்டுகள் செடிப்பேனை நாட, ஸ்ரெதோரஸ் இனங்கள் சிற்றுண்ணியையே உணவாகக் கொண்டவை. இதன் புழுக்கள் இலையெங்கும் ஓடியாடி, சிற்றுண்ணிக் கூட்டங்களைத் தேடித் தேடித் தின்பவை.

அதே இலையில் ஒரு சிறு சிலந்தியும் வலை கட்டியிருந்தது. உலகின் வெப்ப நாடுகளெங்கும் வீட்டு மூலைகளிலும் காணப்படும் இனம் அது. சிலந்தி பூச்சியைப் பிடிப்பதால் அதுவும் நம் நண்பனே என்று யாரும் நினைப்பர். 2004 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று அந்நினைப்பைத் தகர்த்தது. சிலந்தி ஓரிடத்தில் வலை விரித்துக் காத்திருப்பது. அதன் வலையில் சிக்குபவை ஓடித்திரிபவை. ஓடித்திரிவது யார்? நம் சிறந்த வேட்டைக்காரனான ஸ்ரெதோரஸின் புழுவே. சிலந்தி அப்புழுக்களைத் தின்றதனால் செஞ்சிற்றுண்ணி தடையின்றிப் பெருகியது. எவ்வளவு சுறுசுறுப்பாய் இரை தேடுகின்றதோ அவ்வளவுக்கு வலையில் வீழும் ஆபத்தும் அதற்கு மிகுதி. அதனை நமக்குப் பயனுள்ளதாக்கிய குணமே அதன் உயிருக்குப் பகையாயிற்று.

"எதிரிக்கு எதிரி நண்பன்" என்பது உலக வழக்கு. அந்த நண்பனுக்கு எதிரியானவன் நமக்கு யார் என்று அவ்வழக்குச் சொல்வதில்லை. பப்பாசி இலை சொல்கிறது.

பகிர்ந்து வாழ்ந்த இருவர்

இவ்வளவும் படித்தபின், ஒன்றுக்கு மேற்பட்ட காவலர் இருப்பதே தீது என்று முடிவு கட்டிவிடலாகாது. மரவள்ளியின் கதை அதற்கு மாறானது.

தென்னமெரிக்காவுக்குரிய மரவள்ளிப் பச்சைச் சிற்றுண்ணி 1971 ஆம் ஆண்டில் உகண்டாவில் காணப்பட்டு, சில ஆண்டுகளில் ஆபிரிக்காவின் மரவள்ளி நிலங்களெங்கும் பரவியது. மரவள்ளியையே நம்பி வாழும் கோடிக்கணக்கான ஏழை மக்களின் உணவில் அது கைவைத்தது. அனைத்துலக வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தார் அதன் தாயகத்துக்கே சென்று, அங்கே அதனை உண்ணும் இரைகௌவிகளைத் தேடிக் கொணர்ந்தனர். 1989 இல் விடப்பட்ட மனிஹோட்டி என்னும் இனம் நிலைகொண்டது. 1993 இல் பெனின் நாட்டில் விடப்பட்ட அரிப்போ என்னும் மற்றோர் இனம் மிக விரைவாகப் பல நாடுகளிலும் பரவி, பகைவனின் தொகையைப் பெரிதும் தாழ்த்தியது.

இருவரும் ஒரே செடியில், ஒரே இரையை உண்டு, எவ்வாறு ஒருங்கே வாழ்கின்றனர்? அரிப்போ பகற்பொழுதை மரவள்ளியின் தளிர்நுனியில், மடிந்திருக்கும் இளங்குருத்துக்குள் கழிக்கிறது; இரவில் இறங்கி மேலிலைகளில் வேட்டையாடுகிறது. மனிஹோட்டி இலைகளிலேயே வாழ்கிறது. ஒரு வீட்டில் இரு குடித்தனங்கள், அறை வேறு, நேரம் வேறு என்று வகுத்துக்கொண்டது போன்றது இது. செடியில் அத்தளிர்க்குருத்து இல்லையேல் இந்த உடன்படிக்கைக்கு இடமில்லை. மயிரடர்ந்த குருத்துள்ள மரவள்ளி வகைகளில் அரிப்போ நன்கு தங்குகிறது என்றும் கண்டனர். ஆகவே காவலரின் உறவைத் தீர்மானிப்பதில் செடியின் உடலமைப்புக்கும் பங்கு உண்டு.

மிளகாய்த் தோட்டக்காரர்க்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. மிளகாய்க் குடும்பத்துச் செடியின் பூவில் மகரந்தம் உண்டு வாழும் இரைகௌவிச் சிற்றுண்ணி ஒன்று, தன் முட்டைகளைப் பூவில் இடுவதில்லை. பூவில் இலைப்பேன் உண்டு. இலைப்பேன் அம்முட்டைகளைக் குத்திக் கொன்றுவிடும். ஆகையால் அது இலையின் அடிப்புறத்தில், நரம்புகள் பிரியும் மூலையிலுள்ள மயிர்க்கொத்துக்குள் முட்டைகளைச் சேர்த்து ஒளித்து வைக்கிறது. இரையும் தன்னை வேட்டையாடுபவனின் பிள்ளையைக் கொல்லும் என்பதை அத்தாய் எங்ஙனமோ அறிந்திருக்கிறது. நாம் இலையைப் புரட்டிப் பார்த்தால் காண்பது ஒரு சிறு மயிர்க்கொத்து. அதற்கோ அது தொட்டில்.

மனிதன் குறுக்கிட்டபோது

இந்த உறவுகளை அறியாமல் ஓர் இழையை அறுத்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டின் மலைநாடே சாட்சி. தேயிலைக் கொழுந்தைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்க, 1935, 1936 ஆம் ஆண்டுகளில் யாவாவிலிருந்து மக்ரோசென்ரஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவியைக் கொணர்ந்து விட்டனர். குளவி நிலைகொண்டது, புழு அடங்கியது. பின்னர், தண்டைத் துளைக்கும் வேறொரு வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சைத் தோட்டங்களில் தெளித்தனர். அந்நஞ்சு குளவியைக் கொன்றது. அடங்கியிருந்த கொழுந்துப் புழு 1960களில் மறுபடியும் பெருகி எழுந்தது. ஒரு பகைவனை நோக்கி எறிந்த கல், நெடுநாள் உழைத்த நண்பனின் தலையில் விழுந்தது.

பீஜித் தீவின் தென்னைக்கு நேர்ந்தது இதனினும் நுட்பமானது. அங்கே குழப்பம் விளைத்தது நஞ்சன்று, ஓர் இரைகௌவிச் சிற்றுண்ணியே. தென்னோலையைக் குடையும் ஒரு வண்டினம் அங்கே எப்போதும் இருந்தது. உள்ளூர்க் குளவிகள் அதனை அளவில் வைத்திருந்தன. வெளியிலிருந்து தற்செயலாக வந்துசேர்ந்த சிற்றுண்ணி ஒன்று, வண்டின் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் கூட்டங்கூட்டமாய்க் கொன்றது. பார்ப்பவர்க்கு இது பெருநன்மை. ஆனால் முட்டைகளும் முதிர்ந்த வண்டுகளும் தப்பின. இரை தீர்ந்ததும் சிற்றுண்ணி மறைந்தது. தப்பியவற்றிலிருந்து எழுந்த புதிய தலைமுறை முழுவதும் ஒரே வயதினதாய், ஒரே பருவத்ததாய் இருந்தது. உள்ளூர்க் குளவிகளின் வாழ்நாள் குறுகியது. முட்டையிடுவதற்கு ஏற்ற பருவத்துப் புழு வேண்டிய வேளையில் கிடைக்காமல் அவை அழிந்தன. தடுப்பாரின்றி வண்டு பெருகித் தென்னந்தோப்புகளைக் கருக்கியது.

டெயிலர் என்னும் பூச்சியியலறிஞர் இந்த முடிச்சை அவிழ்த்தார். மேலும் ஒரு கொடிய வேட்டைக்காரனை அவர் தேடவில்லை. எல்லாப் புழுக்களும் ஒரே பருவத்தில் நிற்கும் நிலையிலும் பிழைத்திருக்கவல்ல ஒரு குளவியைத் தேடி யாவாவில் கண்டு, 1933 இல் பீஜிக்குக் கொண்டுவந்தார். வண்டு அடங்கியது. அவர் இதனை விரிவாக எழுதிய நூல் 1937 இல் வெளிவந்தது. அவ்வண்டின் உறவினமொன்று 1970 ஆம் ஆண்டில் இலங்கைத் தென்னைகளில் தோன்றியபோது, பீஜியின் பாடம் நமக்கும் உதவியது. சிங்கப்பூரிலிருந்து கொணர்ந்த ஒரு குளவியால் அந்தத் தொல்லை சில ஆண்டுகளில் தணிந்தது. அக்காலத்தில் நஞ்சை மட்டுமே நம்பியிருந்தால், இன்று நாம் தென்னோலையில் கிடுகு பின்னியிருப்போமோ என்பது ஐயம்.

நட்பை ஆராய்தல்

இவையெல்லாம் சேர்ந்து நமக்குச் சொல்வது என்ன? தோட்டத்தைக் காப்பது நன்மை செய்யும் உயிர்களின் எண்ணிக்கையன்று. அவற்றுக்கிடையே அமைந்த உறவு. ஒரே காவலன் தென்னையின் தொப்பிக்குள் தனித்து நின்று உதவலாம். இருவர் மரவள்ளியில் நேரம் வகுத்துக்கொண்டு உதவலாம். மூன்றாமவன் பப்பாசி இலைக்கு வந்து முன்னவரின் உழைப்பைக் கெடுக்கலாம். புதிய நண்பனை வெளியிலிருந்து அழைத்து வருமுன், ஏற்கனவே வீட்டிலிருக்கும் நண்பர்களோடு அவன் எப்படிப் பழகுவான் என்று கேட்டல் வேண்டும். திருவள்ளுவர் நட்பைப் போற்றி எழுதியதோடு அமையாது, "நட்பாராய்தல்" என ஓர் அதிகாரமும், "உட்பகை" என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். அவை அரசர்க்கும் மாந்தர்க்கும் மட்டும் உரியவை என்று இதுவரை எண்ணியிருந்தேன். குரும்பட்டிக்குள்ளும் அவற்றுக்கு இடமுண்டு.

இனிக் கொழும்புத்துறை வளவுக்குத் திரும்புவோம்.

"ஐயா, அந்தப் போத்தலை இண்டைக்குத் திறவாதேங்கோ. முதல்ல உள்ளுக்கை என்ன இருக்கெண்டு பாப்பம்" என்றேன்.

பெரியவரின் பேத்தி பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பவள். அவளிடம் ஒரு கைவில்லை இருந்தது. விழுந்து கிடந்த குரும்பட்டிகளில் வடுவுள்ள ஒன்றை எடுத்து, பேனைக்கத்தியால் தொப்பியிதழ்களை ஒவ்வொன்றாக நீக்கினோம். வெண்மையான அடிப்பகுதியில் மாவு சிந்தியதுபோன்ற கூட்டம். நெடுநேரம் அசைவின்றிப் பார்த்திருந்தோம். திடீரென்று அவள், "தாத்தா, ஒண்டு ஓடுது!" என்றாள். மாவுத் துகள்களின் நடுவே, அவற்றினும் பெரிய, பளபளப்பான, தட்டையான ஓர் உயிர் விரைந்து ஓடியது, நின்றது, மீண்டும் ஓடியது. அது பராக்கிதானா என்று சொல்வதற்குக் கைவில்லை போதாது. நுணுக்குக்காட்டியும் பயிற்சியுற்ற கண்ணும் வேண்டும். ஆயினும் அது அங்கே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியவர் வில்லையை வாங்கிக் கண்ணோடு சேர்த்துப் பிடித்தார். அவர் கை சற்று நடுங்கியது.

"அப்ப, நான் மருந்தை அடிச்சிருந்தால்?"

"வெளியில ஓடித்திரியிறது முதல்ல சாகும், ஐயா. உள்ளுக்கை ஒளிச்சிருக்கிறது மிஞ்சும்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. நானும் அவருக்குப் பொய்யான நம்பிக்கை ஊட்ட விரும்பவில்லை. இந்தக் காவலனை நம்பியிருந்தால் அடுத்த குலையே மாசற்று விளையும் என்று சொல்ல முடியாது. சில காய்களில் வடு விழத்தான் செய்யும்; சில குரும்பட்டிகள் உதிரத்தான் செய்யும். தென்னையை நம்பி உலை வைக்கும் வீட்டில் பத்துக் காய் குறைவது சிறிய செய்தியன்று. மரத்துக்கு வேண்டிய பசளையும் நீரும் இட்டு அதன் வலுவைப் பேணுதல், விழுந்த நோய்க் குரும்பட்டிகளைப் பொறுக்கி எரித்தல் அல்லது புதைத்தல், இடர் மிகுந்தால் தெங்கு ஆராய்ச்சி நிலையத்தாரின் அறிவுரையைக் கேட்டு நடத்தல் ஆகிய இவையே நம் கையில் உள்ளவை. பொறுமைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் கட்டுரை எழுதும் நானல்லேன், தென்னை வளர்க்கும் அவர்.

"சரி, தம்பி. இந்த மாரி முடியுமட்டும் விட்டுப் பாப்பம்" என்றார் கடைசியில். போத்தலை எடுத்துச் சென்று, குழந்தைகளின் கைக்கு எட்டாத இறப்பில் செருகிவைத்தார். எறிந்துவிடவில்லை. அது அவருடைய ஐயத்தின் அடையாளம். அந்த ஐயத்தை நான் மதிக்கிறேன்.

நம் பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உணவுச் சங்கிலியைக் கற்பிக்கும்போது புலியையும் மானையும் கரும்பலகையில் வரைகிறோம். அவை இரண்டும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் வளவில் இல்லை. ஒரு குரும்பட்டியும் ஒரு கைவில்லையும் போதும். இரையும் இரைகௌவியும் உள்ளங்கையிலேயே நடமாடும். அந்தச் சிறுமி, பொழுது சாயும்வரை, ஒவ்வொரு குரும்பட்டியாகத் தொப்பி கழற்றி எண்ணிக்கொண்டிருந்தாள். கொப்பி ஒன்றில் இரண்டு நிரல் போட்டிருந்தாள். ஒன்றின் தலையில் "வெள்ளை" என்றும், மற்றதன் தலையில் "ஓடுறது" என்றும் எழுதியிருந்தது. அடுத்த மாதமும் எண்ணப்போவதாகச் சொன்னாள்.